பாகப்பிரிவினை சம்மன் வந்திருக்கு: பொள்ளாச்சியில வக்கீல் பிடிக்கிறது எப்படி, முதல் சந்திப்புக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

தோப்புக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பொள்ளாச்சி சார்பு நீதிமன்றத்துல இருந்து அம்மாவுக்கும் எனக்கும் தங்கச்சிக்கும் சம்மன் வந்திருக்கு. அப்பாவோட அக்கா, அதாவது எங்க அத்தை, தாத்தா சொத்துல பங்கு கேட்டு ஓ.எஸ். (அசல் சிவில் வழக்கு) போட்டிருக்காங்க. சொத்து 3 ஏக்கர் 20 சென்ட் தென்னந்தோப்பு, அதோட ஒரு ஓட்டு வீடு. 1994-ல தாத்தா அப்பா பேருக்கு செட்டில்மெண்ட் (உயிரோட இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கிற பத்திரம்) எழுதிப் பதிவு பண்ணிட்டார். தாத்தா 2003-ல, அப்பா 2021-ல தவறிட்டாங்க. நான் வேலை பார்க்கிறது பெங்களூர்ல. கோர்ட் பக்கம் போய்ப் பழக்கமே இல்ல. சம்மன் இந்த மாசம் 4-ஆம் தேதி கைக்கு வந்தது, வாய்தா 27. லோக்கல் வக்கீலா, கோயமுத்தூர் வக்கீலா? முதல் தடவை பார்க்கப் போறப்ப என்ன கொண்டுபோகணும்?

நோட்டரி_முனை

வக்கீல் யாருங்கிறது இருக்கட்டும், முதல்ல தேதியைப் பார்ப்போம். பதிலுரை போடுறதுக்கான 30 நாள், சம்மன் கைக்குக் கிடைச்ச 4-ஆம் தேதியில இருந்து ஓடுது. வாய்தா தேதியான 27-ல இருந்து இல்ல. தகுந்த காரணம் காட்டினா கோர்ட் நீட்டிக் கொடுக்கலாம். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 8 ரூல் 1-ல இதுக்கு எழுதியிருக்கிற வெளி எல்லை 90 நாள், அதுவும் சம்மன் கிடைச்ச நாள்ல இருந்துதான்.

சம்மன் வந்த கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. மேலேயே வாங்கின தேதியையும், வாங்கினது யாருன்னும் எழுதி வையுங்க. மூணு பேருக்கும் ஒரே நாள்ல வந்திருக்கணும்னு இல்ல. தங்கச்சிக்கு வேற ஊர்ல வேற தேதியில வந்திருந்தா அவங்க கணக்கு தனி.

அப்புறம் கட்டை நல்லாப் பிரிச்சுப் பாருங்க. பிராது (அத்தை தாக்கல் பண்ணின வழக்கு மனு) நகல் மட்டுமா இருக்கு, கூடவே ஐ.ஏ. (இடைக்கால மனு) நோட்டீஸ் ஏதாவது இருக்கா? பாகப்பிரிவினை வழக்குல பெரும்பாலும் "சொத்தை விற்கக்கூடாது, அடமானம் வைக்கக்கூடாது"ன்னு இடைக்காலத் தடை கேட்டு ஒரு மனு ஒட்டிக்கிட்டே வரும். அதுக்குத் தனி வாய்தா, தனி கவுண்டர் (எதிர்மனு). பிராதைப் படிச்சுட்டு ஐ.ஏ.வைக் கவனிக்காம விட்டவங்களுக்குத்தான் முதல் மாசத்துலயே தடை உத்தரவு வந்து நிக்கும்.

கிழக்குவாசல்

வக்கீல் தேடுறதுல ஒரு விஷயத்தை முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. இந்தியாவுல வக்கீல்கள் விளம்பரம் பண்ணக்கூடாது, பார் கவுன்சில் விதி 36 தடுக்குது. ஆன்லைன் தளங்கள் வழியா வக்கீல் தொழிலை விளம்பரப்படுத்துறதை எதிர்த்து சென்னை உயர்நீதிமன்றமும் 2024 ஜூலையில தீர்ப்புச் சொல்லிருக்கு. அதனால "பொள்ளாச்சியின் நம்பர் 1 சிவில் வக்கீல்"னு நெட்ல வர்றதை நம்பி போன் போடாதீங்க.

அதுக்குப் பதிலா ஒரு வேலைநாள் காலையில 10.30-க்கு சார்பு நீதிமன்ற ஹால்ல பின் வரிசையில போய் உட்காருங்க. திறந்த நீதிமன்றம், யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க, போனை மட்டும் அணைச்சு வையுங்க. முதல் அரைமணி நேரம் வழக்கு எண்ணைக் கூப்பிட்டுக்கிட்டே போவாங்க. அப்ப பாருங்க: யாரோட கட்டுல தேதி மட்டும் வாங்கிட்டுப் போறாங்க, யாருக்குத் தன் வழக்கு எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு கட்டைப் பிரிக்காமலே தெரியுது. அப்புறம் குறுக்கு விசாரணை நடந்தா விடாம உட்கார்ந்து கேளுங்க. சாட்சிகிட்ட பத்திரத்தைக் காட்டித் தேதி தேதியா கேட்கிறவர் வேற, குரலை உயர்த்தி மிரட்டுறவர் வேற. உங்க வழக்குக்கு முதல் ஆள்தான் வேணும்.

ரெண்டு மூணு பேர் கிடைச்சதும் இ-கோர்ட்ஸ் தளத்துல "கேஸ் ஸ்டேட்டஸ்" போய் வக்கீல் பேர் வச்சுத் தேடுங்க. அந்த கோர்ட்ல அவர் கையில எத்தனை ஓ.எஸ். இருக்கு, எல்லாம் எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு தெரியும். எண்ணிக்கை அதிகம்னா நல்லவர்னு அர்த்தம் இல்ல. முடிஞ்ச வழக்குகளையும் திறந்து, எப்படி முடிஞ்சதுன்னு பாருங்க.

பத்திரம் எழுதுறவர், வி.ஏ.ஓ. ஆபீஸ் பக்கம் நிக்கிறவர் சொல்ற பேரைக் கேட்டுக்கலாம். ஆனா அங்க கமிஷன் ஓடுறதும் உண்டு.

சாலைமறைவு

எதுக்கு இத்தனை சிரமம்? ஹைகோர்ட்ல பெரிய சீனியரா ஒருத்தரைப் பிடிச்சா எதிர்க்கட்சி தானா இறங்கி வரும்.

கிழக்குவாசல்

@சாலைமறைவு அது வேற ஆட்டம். "சீனியர் அட்வகேட்"னு அந்தஸ்து வாங்கினவர் நேரடியா வக்காலத்து (வழக்கை நடத்த வக்கீலுக்குக் கட்சிக்காரர் கொடுக்கிற அதிகாரப் படிவம்) போட முடியாது, கட்சிக்காரரோட நேரா பேசி வழக்கு எடுக்கவும் முடியாது. இடையில ஒரு வக்கீல் வேணும். அதை விடுங்க, பாகப்பிரிவினை வழக்கு ஜெயிக்கிறதும் தோக்கிறதும் கீழ்க்கோர்ட்ல சாட்சி விசாரணையிலதான். ஹைகோர்ட்டுக்கு ரெண்டாவது மேல்முறையீட்டுல போனா சட்டக் கேள்வி மட்டும்தான் பேச முடியும். சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 100 அப்படித்தான் சொல்லுது. கீழே குறியீடு பண்ணாத (சாட்சியமா எண் போட்டுப் பதியாத) பத்திரத்தை அங்க கொண்டுபோய் நீட்டினா எடுபடுறது ரொம்ப அபூர்வம். மாசாமாசம் வாய்தாவுக்கு நிக்கப்போறவர் பொள்ளாச்சியிலயே இருக்கணும். கோவை வக்கீல்னா வண்டிச் செலவு உங்க தலையில, இல்லைன்னா அவர் இங்க ஒரு ஜூனியர்கிட்ட ஒப்படைச்சிடுவார்.

பழைய_பத்திரம்

பேப்பர்களைப் பத்தி நான் சொல்றேன். தோப்புக்காரன், உங்க வழக்கோட உயிரே ஒரே கேள்விதான்: அந்தத் தோப்பு தாத்தா சுயமா சம்பாதிச்சு வாங்கினதா, அவருக்கு மேல இருந்து வந்த பூர்வீகமா? சுயார்ஜிதம்னா அவர் யாருக்கு வேணும்னாலும் செட்டில்மெண்ட் எழுதலாம். பூர்வீகம்னா முழுச் சொத்தையும் எழுதிக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இருந்ததாங்கிற கேள்வி வந்துடும். அதனால 1994 பத்திரத்தை மட்டும் தூக்கிட்டுப் போனா பாதி வேலைகூட ஆகாது. அதுக்கு மேல உள்ள மூலப் பத்திரம் வேணும்.

எடுக்க வேண்டியது:

செட்டில்மெண்ட் அசல். வங்கியில பயிர்க்கடனுக்கோ வேற கடனுக்கோ வச்சிருந்தா, வங்கிகிட்ட இருக்குன்னு ஒரு எழுத்தும், சார்பதிவாளர் அலுவலகத்துல சான்றிட்ட நகலும் வாங்குங்க. அந்தப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க. தாத்தா தனக்கு ஆயுள் உரிமை வச்சுக்கிட்டாரா, ரத்து பண்ற உரிமை வச்சுக்கிட்டாரா, சொத்து எப்படி வந்ததுன்னு என்ன எழுதியிருக்கார்னு பென்சில்ல அடிக்கோடு போடுங்க. "எனது சுயார்ஜித கிரயச் சொத்து"ன்னு இருக்கா, "பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட"ன்னு இருக்கா? எதிர்த்தரப்பு வக்கீலும் அந்த வரியைத்தான் முதல்ல தேடுவார்.

வில்லங்கச் சான்று. பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல பார்க்கலாம். 1975-ல இருந்து போடுங்க. அதுக்கு முந்தின காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்துல தனியா மனு கொடுத்து கையெழுத்துப் பிரதி வில்லங்கம் எடுக்கணும். அது உடனே வராது, இன்னைக்கே மனு போடுங்க. வில்லங்கம் போடுறப்ப இப்ப உள்ள புல எண்ணை மட்டும் கொடுத்தா பழைய பதிவுகள் வராது. உட்பிரிவு ஆகறதுக்கு முந்தின எண்ணையும் சேர்த்துத் தேடணும். பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கதான்.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்பட வரைபடம். இப்ப உள்ளதை அரசு நிலப்பதிவுத் தளத்துல எடுத்துக்கலாம். பழைய பட்டா எப்ப யார் பேர்ல இருந்து யார் பேருக்கு மாறுச்சுங்கிறது முக்கியம். அது தாலுகா ஆபீஸ்ல கேட்டு வாங்கணும். கிஸ்தி ரசீது, மின் இணைப்பு யார் பேர்ல இருக்கு, தேங்காய் குத்தகைக்கு விட்ட சீட்டு, போர் போட்ட பில் எல்லாம் அனுபவத்தைக் காட்டுற பேப்பர்தான்.

தாத்தா, அப்பா ரெண்டு பேரோட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று.

எல்லாத்தையும் ஒரே கட்டா கட்டாதீங்க. பத்திரங்கள் ஒரு பைல், வருவாய் ஆவணங்கள் ஒரு பைல், கோர்ட்டுல இருந்து வந்தது ஒரு பைல். ஒவ்வொண்ணையும் பழசுல இருந்து புதுசுக்கு அடுக்குங்க. முதல் சந்திப்புக்கு ஜெராக்ஸ் ரெண்டு செட் போதும். அசல் உங்க கையில இருக்கட்டும், அவர் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டா காட்டிட்டுத் திரும்ப வாங்கிக்கோங்க.

தோப்புக்காரன்

ரொம்ப நன்றிங்கண்ணா. மூலப் பத்திரம் 1968 கிரயம், தாத்தா பேர்ல. செட்டில்மெண்ட்ல "நான் கிரயம் பெற்று அனுபவித்து வரும்"னு இருக்கு. ஆனா பிராதுல, கொள்ளுத்தாத்தாவோட நிலத்தை வித்த பணத்துலதான் இது வாங்கினதுன்னு எழுதியிருக்காங்க. அப்புறம், அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1976. அதெல்லாம் வக்கீலுக்குத் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்.

நோட்டரி_முனை

அதுதாங்க தேவைப்படும்! தமிழ்நாட்டுல பெண் பிள்ளைகளைக் கூட்டுக் குடும்பச் சொத்துல பங்காளி ஆக்கின மாநிலத் திருத்தம் 25.3.1989 முதல் அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆன பெண்களுக்கு அது பொருந்தாது. மத்திய திருத்தம் 9.9.2005-ல வந்து அந்தக் கல்யாண வேறுபாட்டை எடுத்துருச்சு. 2020 ஆகஸ்ட்ல உச்சநீதிமன்றம் வினீதா சர்மா வழக்குல, 2005-ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லைன்னும் சொல்லிடுச்சு. ஆனா அதே திருத்தம், 20.12.2004-க்கு முன்னாடி நடந்த பராதீனம் (சொத்தைக் கைமாத்தினது), பாகப்பிரிவினை எல்லாத்தையும் தொடாதுன்னும் சொல்லுது.

உங்க செட்டில்மெண்ட் 1994. அதனால, வாதத்துக்கு அது பூர்வீகம்னே வச்சுக்கிட்டாலும், 1994-ல அத்தைக்கு அந்தச் சொத்துல பிறப்புரிமை இருந்ததாங்கிறதுக்கு அவங்க கல்யாண வருஷம் பதில் சொல்லும். கல்யாணப் பத்திரிகை, போட்டோ ஆல்பத்துல தேதி, மண்டப ரசீது எது இருந்தாலும் எடுத்துட்டுப் போங்க. அது போதுமா போதாதாங்கிறது வக்கீல் முடிவு.

1968 கிரயத்துக்குப் பணம் எங்கிருந்து வந்ததுங்கிறதுக்கும் யோசியுங்க. தாத்தா மில்லுல வேலை பார்த்தாரா, வண்டி ஓட்டினாரா, தேங்காய் வியாபாரமா? குடும்ப நிலம் ஒண்ணு இருந்தது, அதோட உபரி வருமானத்துல இது வாங்கினதுன்னு முதல்ல காட்ட வேண்டியது அத்தை தரப்பு. கொள்ளுத்தாத்தா நிலம் எப்ப, எவ்வளவுக்கு வித்ததுன்னு அந்தக் கிராமத்துக்கும் ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்க. 1968-க்கு அப்புறம்தான் வித்திருக்காங்கன்னா பிராதுல உள்ள கதை அங்கேயே நின்னுடும்.

இன்னொண்ணு. செட்டில்மெண்ட்ல சாட்சிக் கையெழுத்துப் போட்ட ரெண்டு பேர் யார், இப்ப இருக்காங்களா? பதிவான செட்டில்மெண்ட்னா, அதை எழுதிக்கொடுத்ததையே எதிர்த்தரப்பு குறிப்பா மறுத்தாத்தான் சாட்சியைக் கூண்டுல ஏத்தியாகணும். பிராதுல "அப்படி ஒரு பத்திரமே எழுதப்படல, கையெழுத்து பொய்"ன்னு இருக்கா, இல்ல "எங்களைக் கட்டுப்படுத்தாது"ன்னு மட்டும் இருக்கான்னு பாருங்க. ரெண்டும் வேற வேற. சாட்சிக்காரங்க பேர், ஊர், வயசு, உயிரோட இருக்காங்களான்னு ஒரு தாள்ல எழுதிக்கோங்க. ரெண்டு பேரும் இல்லைன்னா அவங்க கையெழுத்தை அடையாளம் காட்டக்கூடிய பிள்ளைகள் யார்னு எழுதுங்க.

பழைய_பத்திரம்

அதோட அத்தை வேற எந்தக் குடும்பப் பத்திரத்துலயாவது சாட்சியா கையெழுத்து போட்டிருக்காங்களான்னு வில்லங்கத்துல வர்ற ஒவ்வொரு ஆவணத்தோட நகலையும் எடுத்துப் பாருங்க. 1994-க்கு அப்புறம் அப்பா அடமானம் வச்ச பத்திரத்துல அத்தையோ மாமாவோ சாட்சின்னா, செட்டில்மெண்ட் அவங்களுக்கு அப்பவே தெரியும்னு சொல்ல ஒரு பிடி கிடைக்கும். காலவரையறைச் சட்டத்துல ஒரு பத்திரத்தை ரத்து பண்ணக் கேட்க, தெரிஞ்சதுல இருந்து 3 வருஷம். கூட்டுக் குடும்பச் சொத்துல இருந்து விலக்கி வச்சாங்கன்னு பங்கு கேட்க, விலக்கினது தெரிஞ்சதுல இருந்து 12 வருஷம். எப்பத் தெரிஞ்சதுங்கிறதுதான் ரெண்டுலயும் சண்டை.

நோட்டரி_முனை

சந்திப்புக்கு ஒரு பக்கத் தேதிப் பட்டியல் போதும். கதை எழுதாதீங்க. இப்படி:

1968: தாத்தா கிரயம், ஆவண எண், எந்தச் சார்பதிவகம்
1976: அத்தை கல்யாணம்
1994: செட்டில்மெண்ட், ஆவண எண், சாட்சிகள்
பட்டா அப்பா பேருக்கு மாறிய வருஷம், உத்தரவு எண்
2003: தாத்தா மறைவு
2021: அப்பா மறைவு
அத்தை பங்கு கேட்டு வாய்மொழியாப் பேசின முதல் தடவை, யார் முன்னாடி
வக்கீல் நோட்டீஸ் வந்த தேதி, பதில் கொடுத்தீங்களா
சம்மன் கிடைச்ச தேதி: 4

தெரியாத இடத்தைக் காலியா விடுங்க, யூகத்துல நிரப்பாதீங்க. வருஷத்தை மாத்திச் சொல்லி, அதையே பதிலுரையில எழுதி, நீங்க கையெழுத்தும் போட்டுட்டா குறுக்கு விசாரணையில அதைத்தான் பிடிப்பாங்க. பட்டியலோட ஒரு வம்சாவளி வரைபடமும் போடுங்க: கொள்ளுத்தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள், யார் யார் இருக்காங்க. யாரையாவது கட்சியாச் சேர்க்காம விட்டிருந்தா அதுவே ஒரு எதிர்வாதம்.

பிராதுல சொத்து விவரத்தையும் நாலு எல்லையையும் உங்க பத்திரத்தோட வரிக்கு வரி ஒப்பிடுங்க. புல எண் தப்பு, வீட்டோட கதவு எண் தப்பு, அளவு வித்தியாசம் எது இருந்தாலும் ஓரத்துல குறியுங்க. அந்த ஜெராக்ஸையே வக்கீல்கிட்ட கொடுத்துடலாம்.

சாலைமறைவு

பதிலுரைக்கு இவ்வளவு பதறத் தேவையில்ல. நம்ம கோர்ட்ல ஆறு மாசம் கழிச்சுப் போட்டாலும் வாங்கிக்கிறாங்க.

நோட்டரி_முனை

@சாலைமறைவு வாங்கிக்கிறதும் உண்டு. சாதாரண சிவில் வழக்குல அந்த 90 நாள் கண்டிப்பான எல்லை இல்லைன்னு உச்சநீதிமன்றமே 2005-ல சொல்லிருக்கு. ஆனா அதே தீர்ப்பு, நீட்டிக்கிறது விதிவிலக்கா மட்டும்தான் இருக்கணும்னும் சொல்லுது. நடுவுல ஒரு வாய்தாவுல எக்ஸ்பார்ட்டி (நீங்க வராததால ஒருதலைப்பட்சம்) ஆக்கிட்டா அப்புறம் அதை நீக்க மனு, எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகைன்னு போகும். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே ஆயிடுச்சுன்னா நீக்க மனுவுக்கு 30 நாள்தான். அது தாண்டினா தாமத மன்னிப்பு மனு வேற. ஒரு நாளைக்கு ஒரு காரணம் சொல்லணும்.

மே மாசம் சிவில் கோர்ட்டுக்கு லீவு, அதைக் காட்டித் தள்ளிப்போடலாம்னு நினைக்கிறவங்களுக்கும் சேர்த்தே சொல்றேன்.

கணக்குப்பிள்ளை

பீஸ் பத்தி யாரும் பேசல. வெட்கப்படாம முதல் நாளே கேளுங்க. கேட்க வேண்டியது மொத்தத் தொகை மட்டும் இல்ல, அதுக்குள்ள என்னென்ன அடங்குதுங்கிறது. பதிலுரை, ஐ.ஏ. கவுண்டர், சாட்சி விசாரணை, வாதம் எல்லாம் சேர்த்தா, தனித்தனியா? வழக்கு நடுவுல புதுசா மனு வந்தா, கமிஷனர் (கோர்ட் சார்பா நேர்ல போய்ப் பதிவு பண்ண நியமிக்கிற வக்கீல்) போட்டா, அதுக்கு வேற பீஸா? மேல்முறையீடு நிச்சயம் தனி. டைப்பிங், நகல் மனு, சாட்சிப் பேட்டா, குமாஸ்தா செலவு இதெல்லாம் வழக்கமா பீஸுக்கு வெளியதான். இதை மாசக் கடைசியில மொத்தமாக் கேட்பாரா, அப்பப்பவா?

முழுத் தொகையையும் முதல்லயே கொடுக்காதீங்க. கட்டம் கட்டமாப் பிரிச்சுப் பேசுங்க: வக்காலத்தும் பதிலுரையும் தாக்கலாகிறப்ப ஒரு பங்கு, உங்க தரப்பு முதல் சாட்சி ஏறுறப்ப ஒரு பங்கு, வாதத்துக்கு ஒரு பங்கு. பணத்தை வங்கி வழியாவோ யுபிஐயிலயோ அனுப்பி, குறிப்புல ஓ.எஸ். எண்ணைப் போடுங்க.

"ஜெயிச்சா இத்தனை சென்ட் எனக்கு"ன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. வழக்கு முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசுறதும், கிடைக்கிறதுல பங்கு கேட்கிறதும் பார் கவுன்சில் விதிப்படி கூடாது.

கோர்ட் பீஸ் விஷயம்: பிரதிவாதிதானே, நமக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க. பாக வழக்குல பிரதிவாதியும் தன் பங்கைத் தனியாப் பிரிச்சுக் கொடுக்கச் சொல்லிக் கேட்டா அவரும் கட்டணும். அதனால பதிலுரையில என்ன கேட்கப்போறோம்னு முன்னாடியே பேசிடுங்க.

மலர்க்கொடி_உடுமலை

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு.

அம்மாவும் தங்கச்சியும் பெண்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12-ன்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச வக்கீல் உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழு கோர்ட் வளாகத்துலயே இருக்கும், இல்லைன்னா 15100-க்குப் போன் போடுங்க. தனி வக்கீல் வைக்க வசதி இருந்தாலும், சந்தேகம் கேட்டுத் தெளிவு வாங்கவாவது அங்க போகலாம்.

அடுத்தது தங்கச்சி. மூணு பேருக்கும் ஒரே வக்கீல்னு சாதாரணமா முடிவெடுத்துடுறாங்க. அப்பா உயில் எழுதாம இறந்திருந்தா அப்பா சொத்துல அம்மா, நீங்க, தங்கச்சி மூணு பேருக்கும் சம பங்கு. "அத்தைக்குப் பங்கு இல்ல"ங்கிறதுல மூணு பேரும் ஒரே பக்கம். ஆனா அதுக்கப்புறம் தோப்பு யாருக்குங்கிறதுல ஒரே பக்கமா? தங்கச்சி தன் பங்கைப் பிரிச்சுக் கேட்க நினைச்சா அவங்களுக்குத் தனி வக்கீல்தான் சரி. ஒரே வக்கீல் ரெண்டு பேர் ரகசியத்தையும் கேட்டுட்டு, பிறகு ஒருத்தருக்கு எதிரா நிக்க முடியாது, ரெண்டு பேரையும் விட்டு விலகணும். வழக்கு நடுவுல அது நடந்தா செலவு உங்களுக்கு. போறதுக்கு முன்னாடி தங்கச்சிகிட்ட நேரா பேசிடுங்க. அவங்ககிட்ட "விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு, அப்புறம் பார்க்கலாம்"னு மட்டும் இப்பப் போய் நிக்காதீங்க. வழக்கு நடக்கிறப்ப செய்ற எந்தக் கைமாற்றமும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதுதான்.

கிழக்குவாசல்

மலர்க்கொடி அக்கா சொன்னதோட சேர்த்து: வக்கீல் ஆபீஸ்ல உட்கார்ந்ததும் முதல்ல எதிர்த்தரப்போட பேரையும் அவங்க வக்கீல் பேரையும் சொல்லுங்க, கதையைச் சொல்றதுக்கு முன்னாடியே. சின்ன ஊர். அத்தை ஏற்கெனவே இவர்கிட்டயே வந்து ஆலோசனை கேட்டிருக்கலாம், எதிர் வக்கீல் இவரோட பழைய ஜூனியரா இருக்கலாம். எதிர்த்தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் உங்களுக்கு வரக்கூடாது. பழைய ஜூனியர்ங்கிறது தடை இல்ல, ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

சாலைமறைவு

சரி, ஒரு உண்மையான சந்தேகம். அப்பா ஒரு தடவை அத்தைக்கு "பத்து சென்ட் தர்றேன்"னு வாட்ஸ்ஆப்ல சொன்னார்னு வச்சுக்குவோம். அதை வக்கீல்கிட்ட சொல்லணுமா? சொன்னா கேஸ் கெட்டுப் போகாதா?

நோட்டரி_முனை

நல்ல கேள்வி. சொல்லித்தான் ஆகணும். நீங்க வக்கீல்கிட்ட தொழில்முறையில சொன்னதை உங்க சம்மதம் இல்லாம அவர் வெளியே சொல்லக்கூடாது. முன்னாடி சாட்சியச் சட்டம் 126, இப்ப பாரதிய சாட்சிய அதினியம் 132. நடக்கப்போற குற்றத்துக்கு உதவி கேட்டா மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த மெசேஜ் அத்தை போன்லயும் இருக்கும், அவங்க எப்படியும் போடுவாங்க. முன்னாடியே தெரிஞ்சா, அது பாசத்துல கொடுக்க நினைச்சதா, உரிமையை ஒத்துக்கிட்டதான்னு பதிலுரையிலயே வழி பண்ணலாம். கூண்டுல வச்சு முதல் தடவையாக் கேட்டா வக்கீலுக்கும் ஒண்ணும் செய்ய முடியாது.

போன்ல எதையும் அழிக்காதீங்க, போனை மாத்தாதீங்க, ஃபார்மேட் பண்ணாதீங்க. ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணு ஆவணத்துக்கு அதினியம் 63-ன்படி சான்று வேணும், அதுக்கு அசல் கருவி கைவசம் இருந்தாத்தான் லேசு. அப்பாவோட பழைய போன் இருந்தா சார்ஜ் ஏத்தி வையுங்க, சிம்மை ரத்து ஆக விடாதீங்க.

இனிமே அத்தைகிட்ட மெசேஜ்ல கோபமாவும் எழுதாதீங்க, உருக்கமாவும் எழுதாதீங்க. ரெண்டையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுவருவாங்க.

பழைய_பத்திரம்

வக்காலத்துல கையெழுத்துப் போடுறப்ப ஒரு நிமிஷம் நின்னு படிங்க. அச்சடிச்ச படிவம், நீட்டினதும் போட்டுடுவோம். கோர்ட் பேர், ஓ.எஸ். எண், யார் யாருக்குங்கிறது நிரப்பியிருக்கான்னு பாருங்க. வெற்றுப் படிவத்துல நாலஞ்சு கையெழுத்துக் கேட்டா "எதுக்கு"ன்னு கேளுங்க. பெங்களூர்ல இருக்கீங்கன்னு வசதிக்காகத்தான் கேட்பார், இருந்தாலும் வெற்று வெள்ளைத்தாள்ல மட்டும் வேண்டாம். அந்த அச்சுல ராஜி (சமரசம்) பேசவும் பணம் வாங்கவும் வழக்கைத் திரும்பப் பெறவும் அதிகாரம் கொடுக்கிற வரி இருக்கும். ராஜின்னா உங்க எழுத்துமூலச் சம்மதம் வேணும்னு அதுலயே கையால எழுதிக் கையெழுத்துப் போடலாம், நியாயமான வக்கீல் கோவிச்சுக்க மாட்டார்.

அசல் பத்திரம் எப்ப கொடுக்கிறதுன்னா, உங்க தரப்பு ஆவணத்தைக் குறியீடு பண்ற கட்டத்துலதான் தேவைப்படும். அப்பக் கொடுக்கிறப்ப ரெண்டு பிரதியா ஒரு பட்டியல் போட்டு, "பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்து வாங்குங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கலர் ஸ்கேன், முத்திரை தெளிவாத் தெரியணும். பின்னாடி ஏதாவது பிணக்கு வந்து வக்கீலை மாத்தினாலும், பீஸ் பாக்கின்னு சொல்லிக் கட்டைப் பிடிச்சு வச்சுக்க அவருக்கு உரிமை இல்ல. 2000-லயே உச்சநீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்குல சொல்லியாச்சு. பாக்கிக்கு அவர் தனியா வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

கிழக்குவாசல்

சந்திப்புல என்ன கேட்கிறதுன்னும் சொல்லிடறேன். பேப்பரைப் பார்த்த பிறகு கேளுங்க: நம்ம தரப்புல ரொம்ப பலவீனமான இடம் எது? "ஒண்ணும் இல்ல, கேஸ் நம்ம பக்கம்தான்"னு பிராதைப் படிக்காமலே சொல்றவரைவிட, 1968 கிரயப் பணத்தைப் பத்தி உங்களைத் துளைக்கிறவர் மேல். வாய்தாவுக்கு அவரே வருவாரா, ஜூனியரா, அந்த ஜூனியர் பேர் என்ன, குறுக்கு விசாரணை யார் பண்ணுவாங்க? பதிலுரை வரைவை எத்தனை நாள் முன்னாடி உங்களுக்குப் படிக்கத் தருவார்? சமரசத்துக்கு வாய்ப்பு இருக்கா? சமரச மையத்துல முடிஞ்சா வாதி கட்டின கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும். அத்தை இறங்கி வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

மாலை 6 மணிக்கு மேல ஆபீஸ்ல நேரம் வாங்கிட்டுப் போங்க. கோர்ட் வராண்டாவுல பிடிச்சுப் பேசுறது சந்திப்பு இல்ல. பிராது நகலையும் தேதிப் பட்டியலையும் ரெண்டு நாள் முன்னாடியே ஆபீஸ்ல கொடுத்துட்டா, போய் உட்காரும்போது அவர் படிச்சிருப்பார். படிக்கலைன்னா அதுவும் ஒரு தகவல்தான்.

சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் இருக்கிற தனி அடையாள எண், எழுத்தும் இலக்கமும் கலந்து 16), அதை இ-கோர்ட்ஸ் செயலியில போட்டு வச்சா அடுத்த வாய்தா என்ன, எதுக்குப் போட்டிருக்குன்னு பெங்களூர்ல இருந்தே பார்க்கலாம். வக்கீலை "என்னாச்சு சார்"னு கேட்கிறதுக்குப் பதிலா "கவுண்டருக்குன்னு போட்டிருக்கு, தாக்கல் பண்ணியாச்சா"ன்னு கேட்கலாம்.

தோப்புக்காரன்

எல்லாருக்கும் நன்றி. வில்லங்கத்துக்கு மனு போட்டாச்சு. கட்டைப் பிரிச்சுப் பார்த்தேன், ஐ.ஏ. ஒண்ணு இருக்கு, விற்கக்கூடாதுன்னு. தங்கச்சி ஒரே வக்கீல்தான்னு சொல்லிட்டா, அவகிட்ட விவரமாவும் பேசிட்டேன். கடைசியா ஒண்ணு: அம்மாவுக்கு 71 வயசு, முழங்கால் வலி. அவங்களுக்குப் பதிலா நான் பவர் வாங்கி சாட்சி சொல்லலாமா?

நோட்டரி_முனை

பவர் வாங்கி வழக்கை நடத்தலாம், கையெழுத்துப் போடலாம். ஆனா அம்மாவுக்கு மட்டுமே நேரடியாத் தெரிஞ்ச விஷயத்துக்கு அவங்க சார்பா பவர் ஏஜென்ட் கூண்டு ஏற முடியாதுன்னு 2004-ல ஜானகி வாஷ்தேவ் வழக்குல உச்சநீதிமன்றம் சொல்லிருக்கு. உங்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு, நீங்களே பிரதிவாதி. உங்களுக்கு நேரடியாத் தெரிஞ்சதை நீங்க சொல்லலாம். 1994-ல தாத்தா பத்திரம் எழுதினப்ப கூட இருந்தது அம்மாதான்னா, அவங்க சாட்சியம் வேணும். நடக்க முடியலைன்னு மருத்துவச் சான்றோட மனு போட்டா வக்கீல் கமிஷனர் வீட்டுக்கே வந்து பதிவு பண்றதுக்குக் கோர்ட் உத்தரவு போடலாம், ஆர்டர் 26. கமிஷனர் பீஸ் மனு போடுறவர் தலையில.

முதல் சந்திப்புக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. மாடியில ஆபீஸ்னா கீழே வந்து பேசச் சொல்லுங்க. 1994 அன்னைக்குச் சார்பதிவகத்துக்கு யார் யார் போனாங்க, எந்த வண்டியில போனாங்கன்னு வக்கீல் அம்மாகிட்டயே நேரா கேட்கட்டும். நீங்க நடுவுல எடுத்துக் கொடுக்காதீங்க.